கூட்டறிக்கை: ஒற்றுமைக்கு விலை கொடுப்பது யார்?

1941 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. நியூஃபவுண்ட்லாந்தின் பிளசென்ஷியா விரிகுடாவில் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' போர்க்கப்பலும் அமெரிக்காவின் 'அகஸ்டா'வும் நங்கூரமிட்டு நின்றன. போருக்குப் பின் உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று இரு நாடுகளும் சேர்ந்து ஓர் அறிக்கை விடுவதென அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் முடிவு செய்திருந்தார்கள். முதல் வரைவை எழுதும் வேலை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் நிரந்தரச் செயலாளர் அலெக்சாண்டர் கடோகனுக்கு வந்தது. அவர் எழுதிக் கொடுத்ததை அமெரிக்கத் தரப்பில் சம்னர் வெல்ஸ் கையில் எடுத்துத் திருத்தினார். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு எட்டு அம்சங்கள் தேறின. 14ஆம் தேதி வெளியான அந்தச் சிறிய உரைதான் அட்லாண்டிக் சாசனம். இரு தலைவர்களும் மை தொட்டுக் கையெழுத்திட்ட பிரதி என்று ஒன்று கிடையாது. தந்தியில் போய், வானொலியில் வாசிக்கப்பட்ட உரை அது.

நேச நாடுகள் கூட்டறிக்கை எழுதும் கலையில் இருக்கிற அத்தனை உத்திகளையும் அந்த ஒரு பக்கத்தில் பார்க்கலாம். நான்காவது அம்சம் வணிகம் பற்றியது. எல்லா நாடுகளுக்கும் பாகுபாடு இல்லாமல் சந்தை திறந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் விருப்பம். 1932இல் ஒட்டாவாவில் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி பிரிட்டிஷ் பேரரசுக்குள் நடந்த வணிகத்துக்குத் தனிச் சலுகை இருந்தது. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளைக் கேட்காமல் அதை விட்டுக்கொடுக்க முடியாது, கேட்டு வரவோ நாளாகும் என்றார் சர்ச்சில். காத்திருக்க ரூஸ்வெல்ட்டுக்கு மனமில்லை. கடைசியில், ஏற்கெனவே உள்ள கடப்பாடுகளுக்கு உரிய மதிப்பளித்து என்ற பொருளில் ஒரு தொடர் உள்ளே நுழைந்தது. அந்த ஒரு தொடரால் அம்சம் முழுவதும் வலுவிழந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோர்டெல் ஹல் அதைப் படித்துவிட்டு மிகவும் ஏமாற்றம் அடைந்தார். இன்னொரு பக்கம், லண்டனில் அமைச்சர் அட்லீ தலைமையில் நள்ளிரவு தாண்டிக் கூடிய போர்க்கால அமைச்சரவை, தொழிலாளர் நிலையும் சமூகப் பாதுகாப்பும் மேம்பட வேண்டும் என்றொரு புதிய அம்சத்தைத் தந்தியில் அனுப்பி வைத்தது. அதை இரு தரப்பும் தயக்கமின்றி ஏற்றன. யாருக்கும் உடனடியாகச் செலவு வைக்காத நல்ல வாக்கியத்துக்கு இடம் கிடைப்பது எப்போதுமே சுலபம்.

மூன்றாவது அம்சம்தான் நம்மோடு தொடர்புடையது. தாங்கள் வாழ விரும்பும் ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுக்க எல்லா மக்களுக்கும் உள்ள உரிமையை மதிக்கிறோம் என்றது அது. பலவந்தமாக இறையாண்மையை இழந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. எல்லா மக்கள் என்றால் இந்திய மக்களும்தானே? அறிக்கை வந்த மறுநாளே லண்டனில் மேற்கு ஆப்பிரிக்க மாணவர்களிடம் பேசிய அட்லீ, இது எல்லா இனத்தவருக்கும் பொருந்தும் என்றார். ஒரு மாதம் ஆவதற்குள், செப்டம்பர் 9 அன்று, நாடாளுமன்றத்தில் எழுந்த சர்ச்சில், நாஜிகளின் பிடியில் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்தே அதை எழுதினோம், இந்தியா, பர்மா விவகாரம் வேறு என்று தெளிவுபடுத்தினார். ஒரே அமைச்சரவை, ஒரே வாக்கியம், இரண்டு பொருள். பர்மாவின் பிரதமர் ஊ சா, சாசனம் தன் நாட்டுக்கும் பொருந்துமா என்று கேட்க லண்டன் வரை போயும் எந்த உறுதியும் பெற முடியவில்லை. 1942 ஜூலை முதல் தேதி காந்தி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் தொட்டார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, விடுதலைக்காகப் போராடுகிறோம் என்ற நேச நாடுகளின் பிரகடனம் உள்ளீடற்றதாகவே ஒலிக்கும் என்றார்.

கூட்டறிக்கைகளைப் பற்றி நான் சொல்ல வருவது இதுதான். நட்பு நாடுகளுக்கிடையே ஒத்துவராத விஷயத்தில் ஒற்றுமையைக் காப்பாற்ற எழுதப்படும் மங்கலான வாக்கியத்துக்கு ஒரு விலை உண்டு. எழுதியவர்கள் அந்த விலையைக் கொடுப்பதில்லை. வாக்கியத்தில் பெயர் இருந்தும் எழுதிய அறையில் இடம் இல்லாதவர்களே கொடுக்கிறார்கள். அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'வழக்கப்படி பாதை உண்டு' என்று எழுதிச் சமாதானமாக எழுந்துவிடுவார்கள். எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் என்று கோர்ட்டுக்கு அலைவது பிள்ளைகள். நாடுகளின் விஷயத்தில் அலைச்சலோடு அது முடிவதில்லை.

இந்த உரைகள் எப்படி உருவாகின்றன என்று பார்த்தால்தான் மங்கல் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். நேட்டோவில் வாக்கெடுப்பு கிடையாது. இன்றைக்கு 32 நாடுகள். ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் பத்தி நிற்காது. உச்சி மாநாட்டுக்குப் பல வாரங்கள் முன்பே பிரஸ்ஸல்ஸ் தலைமையகத்தில் வரைவு சுற்றுக்கு வரும். நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து பத்தி பத்தியாக, சில இடங்களில் சொல் சொல்லாக, நகர்வார்கள். உடன்பாடு இல்லாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் போகும். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை அடைப்புக்குறி அவிழ்ந்தது என்பதே முன்னேற்றத்தின் கணக்கு. அவிழாதவை தூதர்களிடம் போகும்; அவர்களாலும் முடியாதவை அமைச்சர்களிடம், பிறகு தலைவர்களிடம்.

இறுதிக் கட்டத்தில் வருவது மௌன நடைமுறை. வரைவை எல்லாத் தலைநகரங்களுக்கும் அனுப்பி ஒரு கெடு வைப்பார்கள். அந்த நேரத்துக்குள் யாரும் எழுத்தில் மறுக்கவில்லை என்றால் உரை ஏற்கப்பட்டதாகிவிடும். மறுத்தால், அந்த நாடு மௌனத்தை உடைத்தது என்பார்கள். வெளிப்படையாக ஆமோதிக்க முடியாத ஓர் அரசு பேசாமல் இருந்து விட்டுக்கொடுக்க இது வழி செய்கிறது. உள்நாட்டில் யாராவது கேட்டால், நாங்கள் கையைத் தூக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மௌனத்தை உடைப்பது பெரிய நாட்டுக்குச் சுலபம். சிறிய நாட்டின் தூதருக்கு, மற்ற எல்லோருடைய ஒற்றுமையையும் கெடுத்தவர் என்ற பெயரைச் சுமப்பது கடினம்.

தகராறு வலுத்தால் தஞ்சம் புகுமிடம், முன்பு ஒப்புக்கொண்ட மொழி. போன மாநாட்டில் எழுதியதையே திரும்ப எழுதுவோம் என்றால் யாரும் தன் அரசிடம் புதிதாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. பழைய உரையை மறைவிடமாகப் பயன்படுத்துவதும் உண்டு. 2023 மே மாதம் ஹிரோஷிமாவில் கூடிய ஜி7 தலைவர்கள், பாதுகாப்பான, சட்டபூர்வமான கருக்கலைப்புக்கு வாய்ப்பு வேண்டும் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு இத்தாலியில், மெலோனி தலைமை வகித்த அபூலியா மாநாட்டின் உரையில் கருக்கலைப்பு என்ற சொல் இல்லை. ஹிரோஷிமாவில் சொன்ன கடப்பாடுகளை மீண்டும் உறுதி செய்கிறோம் என்று மட்டும் இருந்தது. சொல் வேண்டும் என்றவர்களுக்கு ஹிரோஷிமா கிடைத்தது. வேண்டாம் என்றவர்களுக்கு வெற்றிடம் கிடைத்தது. ஜி7இல் இந்தப் பேரத்தை நடத்துபவர்களுக்கு ஷெர்பா என்று பெயர். அந்த ஆண்டு தலைமை வகிக்கும் நாட்டின் ஷெர்பாதான் வரைவை வைத்திருப்பார். பேனா யார் கையில் என்பது பாதி முடிவு.

வினைச்சொற்களின் ஏணி ஒன்று இதற்குள் இருக்கிறது. வரவேற்கிறோம் என்பதற்குக் கீழே கவனத்தில் கொள்கிறோம்; கவலை கொள்கிறோம் என்பதற்கு மேலே கண்டிக்கிறோம். வெளியில் இருப்பவர்களுக்கு இது வெற்றுச் சடங்காகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. சீனாவைப் பற்றி நேட்டோ எழுதியதை வரிசையாக வைத்துப் படித்தால், ஒரு பெரிய கொள்கை மாற்றம் படிப்படியாக நடந்தேறியது தெரியும். 2019 டிசம்பரில் லண்டனில், சீனாவின் செல்வாக்கு வாய்ப்புகளையும் சவால்களையும் முன்வைக்கிறது என்றார்கள். 2021 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் வாய்ப்பு பின்னுக்குப் போய், ஒழுங்கமைப்புக்கே சவால் என்றானது. 2024 ஜூலையில் வாஷிங்டனில், உக்ரைன்மீது ரஷ்யா நடத்தும் போரைச் சாத்தியமாக்குவதில் சீனாவுக்குத் தீர்மானமான பங்கு உண்டு என்று எழுதினார்கள். 5 ஆண்டுகளுக்குள் இவ்வளவு தூரம். ஒவ்வொரு படியிலும் சீனாவோடு வணிகம் பெருக்கிய சில நாடுகள் பின்னே இழுத்தன. அமெரிக்கா முன்னே இழுத்தது.

பணம் பற்றிய வாக்கியங்களில் இந்தக் கலை இன்னும் நுட்பமாகிறது. 2014இல் வேல்ஸ் மாநாட்டில், பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள நாடுகள் பத்தாண்டுக்குள் அந்த அளவை நோக்கி நகர முனையும் என்று எழுதப்பட்டது. எட்டும் என்று எழுதவில்லை. நோக்கி நகர முனைவதற்குச் சட்டப்படி எந்த அளவுகோலும் கிடையாது. 2025 ஜூனில் ஹேக் மாநாடு 2035க்குள் 5 சதவீதம் என்றது. ஸ்பெயின் அந்த அளவுக்குச் செலவழிக்க முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. நாங்கள் உறுதியளிக்கிறோம் என்று இருக்க வேண்டிய இடத்தில் நேச நாடுகள் உறுதியளிக்கின்றன என்று வந்தது. எல்லா நேச நாடுகளும் என்று அங்கே போடவில்லை. ஸ்பெயின் உரையை ஏற்றது, அந்த எண் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னது. இங்கே மங்கலான வாக்கியத்தால் யாருக்கும் பெரிய கேடில்லை. தங்களுக்குள் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு; விளைவும் அவர்களுக்கே.

மூன்றாமவர் உள்ளே வரும்போதுதான் ஆபத்து. 1945 பிப்ரவரி யால்டா மாநாட்டில் போலந்தின் அரசு பற்றி மூன்று வல்லரசுகளும் ஒப்புக்கொண்ட உரை, சோவியத் ஆதரவோடு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த அரசை விரிந்த ஜனநாயக அடிப்படையில் மறுசீரமைக்க வேண்டும் என்றது. எத்தனை பேர், எந்தக் கட்சி, தேர்தலை யார் கண்காணிப்பது என்பதெல்லாம் விடப்பட்டது. ரூஸ்வெல்ட்டோடு இருந்த அட்மிரல் லீஹி அதைப் படித்ததும், ரஷ்யர்கள் இதை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம், மீறியதாகவும் ஆகாது என்று எச்சரித்தார். தெரியும், இப்போது போலந்துக்காக இதற்கு மேல் முடியாது என்பது ரூஸ்வெல்ட்டின் பதில். எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை. போலந்து மக்கள் ஓரளவு சுதந்திரமான தேர்தலைப் பார்க்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே போன்ற வாக்கியம் 2008 ஏப்ரலில் புகாரெஸ்ட்டில் எழுதப்பட்டது. உக்ரைனையும் ஜார்ஜியாவையும் நேட்டோ உறுப்பினராக்கும் ஆயத்தத் திட்டத்தில் உடனே சேர்க்க வேண்டும் என்றார் அமெரிக்க அதிபர் புஷ். போலந்தும் பால்டிக் நாடுகளும் அவர் பக்கம். ஜெர்மனியின் மெர்க்கலும் பிரான்ஸின் சர்கோசியும் மறுத்தார்கள். உக்ரைன் மக்களில் பெரும்பாலோர் அப்போது நேட்டோவை விரும்பவில்லை. ஜார்ஜியாவில் தீராத எல்லைத் தகராறுகள் இருந்தன. ரஷ்யா சும்மா இருக்காது. இவை லேசில் தள்ளக்கூடிய வாதங்கள் இல்லை. ரஷ்யாவின் பிடியில் இருந்து பட்ட நாடுகள் சொன்னதும் லேசில் தள்ளக்கூடியது இல்லை. அதிகாரிகளால் அவிழ்க்க முடியாத முடிச்சைத் தலைவர்களே உட்கார்ந்து அவிழ்த்தார்கள். மாநாட்டுக் கூடத்திலேயே மெர்க்கலும் கிழக்கு ஐரோப்பியத் தலைவர்களும் ஒதுங்கிக் கூடிப் பேசி வாக்கியத்தை முடிவு செய்தார்கள். ஆயத்தத் திட்டம் இப்போது கிடையாது. ஆனால் இந்த நாடுகள் நேட்டோவின் உறுப்பினர்கள் ஆகும் என்று இன்று ஒப்புக்கொண்டோம். 23ஆம் பத்தி.

அந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எப்போது என்பது இல்லை. எப்படி என்பது இல்லை. அதுவரை அவர்களை யார் காப்பது என்பதும் இல்லை. ஆனால் ஆகும் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. எதிர்த்தவர்களுக்குத் திட்டம் தள்ளிப்போன நிம்மதி, ஆதரித்தவர்களுக்கு ஆகும் என்ற சொல். இரண்டு தரப்பும் வென்றதாக ஊர் திரும்பியது. இரு தரப்பின் வாதங்களிலும் இருந்த ஆபத்துகள் மட்டும் அந்த இரண்டு நாடுகளின் தலையில் வந்து சேர்ந்தன: ரஷ்யாவைச் சீண்டும் அறிவிப்பு இருந்தது, அதற்கு எதிரான காப்பு இல்லை. மறுநாள் அதே நகரில் நேட்டோ-ரஷ்யா கூட்டத்துக்கு ரஷ்ய அதிபர் புதின் வந்திருந்தார். நான்கு மாதத்தில் ஜார்ஜியாவில் போர். 2014இல் கிரிமியா. 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது முழுப் படையெடுப்பு. இந்தப் போர்களுக்கெல்லாம் ஒரு பத்தியே காரணம் என்று சொல்ல மாட்டேன். படையை அனுப்பியவரே பொறுப்பாளி. ஆனால் படை வரும் பாதையில் இரண்டு நாடுகளைக் காவலில்லாமல் நிறுத்தியதில் அந்தப் பத்திக்குப் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது. புகாரெஸ்ட் முடிவின் 14ஆவது ஆண்டில், 2022 ஏப்ரல் 3 அன்று, ரஷ்யப் படை பொதுமக்களைக் கொன்ற புச்சாவுக்கு மெர்க்கலும் சர்கோசியும் வந்து பார்க்கட்டும் என்று உக்ரைன் அதிபர் செலன்ஸ்கி அழைத்தார். 2008இல் எடுத்த முடிவில் உறுதியாக நிற்பதாக மெர்க்கல் தரப்பு பதில் சொன்னது.

அப்படியானால் ஒத்துவராத விஷயத்தில் அறிக்கையே விடாமல் இருப்பது மேலா? அந்த அனுபவமும் இருக்கிறது. 2012 ஜூலையில் புனோம்பென்னில் கூடிய ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள், தென்சீனக் கடல் பற்றி என்ன எழுதுவது என்பதில் முட்டிக்கொண்டு, அந்த அமைப்பின் 45 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாகக் கூட்டறிக்கை இல்லாமல் கலைந்தார்கள். பிலிப்பைன்ஸும் வியட்நாமும் தங்கள் சச்சரவுகள் குறிப்பிடப்பட வேண்டும் என்றன. தலைமை வகித்த கம்போடியா மறுத்தது. 2018இல் கனடாவின் ஷார்லவாவில் ஜி7 அறிக்கை வெளியான பிறகு, விமானத்தில் போய்க்கொண்டிருந்த டிரம்ப் தன் ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு பிரான்ஸின் பியாரிட்ஸில் அதிபர் மக்ரோன் நீண்ட அறிக்கையையே கைவிட்டு ஒரே பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். 2020 மார்ச்சில், கொரோனாவை வூஹான் வைரஸ் என்று எழுத வேண்டும் என அமெரிக்கா பிடிவாதம் பிடித்ததால் ஜி7 வெளியுறவு அமைச்சர்களின் கூட்டறிக்கை வரவில்லை. பெருந்தொற்று வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்த வாரம் அது.

இவற்றை வெறும் தோல்விகள் என்று எழுதிவிடுவது சரியில்லை. புனோம்பென் தோல்விக்குப் பிறகு இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நட்டலகாவா தலைநகரம் தலைநகரமாக அலைந்து, சில நாட்களில் ஆறு அம்சக் கோட்பாடு ஒன்றுக்கு எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். தோல்வியை மூடி மறைக்காததால்தான் அந்த அலைச்சல் நடந்தது. வேற்றுமை வெளியே தெரிந்தால், சம்பந்தப்பட்ட நாடாவது தன் நிலைமை என்ன என்று அறிந்துகொள்ளும். மணிலாவுக்கு அன்று தெரிந்ததுபோல் 2008 ஏப்ரலில் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குத் தெரிந்திருக்குமா?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மங்கலான வாக்கியம் எழுதியவர்களின் கையை விட்டு நழுவவும் செய்யும். சர்ச்சில் கதவைச் சாத்தியும் அட்லாண்டிக் சாசனம் அடங்கவில்லை. 1943 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், சாசனத்தின் ஒவ்வொரு அம்சத்தையும் எடுத்து, ஆப்பிரிக்கர்கள் பார்வையில் அதன் பொருள் என்ன என்று எழுதித் தன் கோரிக்கை ஆவணமாக ஏற்றுக்கொண்டது. எல்லா மக்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள் என்று கேட்க ஒரு வாக்கியம் இருந்தது. அது எழுதப்படாமலே போயிருந்தால் அந்தக் கேள்விக்குப் பிடிமானம் இருந்திருக்காது. தூதர்கள் ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டுவது இதனால்தான்.

இந்த நியாயத்தை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கொள்கையைப் பற்றிய வாக்கியம் விரிந்து கிடக்கலாம். அதைப் பற்றிக்கொண்டு பின்னால் வருபவர்கள் ஏறலாம். ஒரு நாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் அப்படி இருக்கக் கூடாது. அதை நம்பி அந்த நாடு தன் படையையும் பகைமையையும் அமைத்துக்கொள்கிறது. எதிரியும் அதை வைத்தே நாள் குறிக்கிறான். காலமும் நிபந்தனையும் எழுத முடியாவிட்டால், அப்படி ஒரு வாக்கியத்தை எழுதாமல் விடுவதே அந்த நாட்டுக்குச் செய்யும் மரியாதை. குறைந்தபட்சம், அடைப்புக்குறி அவிழும் அறையில் அந்த நாட்டுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

2023 ஜூலையில் வில்னியஸ் மாநாட்டுக்கு வரும் வழியில் செலன்ஸ்கி பொதுவெளியில் கேட்டது இதைத்தான். உக்ரைன் இல்லாமலே உக்ரைனைப் பற்றிய சொற்கள் பேசப்படுவதாகத் தகவல் வருகிறது, அழைப்புக்கும் உறுப்பினர் ஆவதற்கும் காலவரையறை இல்லை, இது அபத்தம் என்று எழுதினார். வெளியான உரை, நேச நாடுகள் ஒப்புக்கொண்டு நிபந்தனைகள் நிறைவேறும்போது அழைப்பு விடுக்கும் நிலையில் இருப்போம் என்றது. 2008இல் தகராறான ஆயத்தத் திட்டம் தேவையில்லை என்றும் சொன்னது. எந்த நிபந்தனைகள் என்று சொல்லவில்லை. நேட்டோ-உக்ரைன் கவுன்சில் என்ற அமைப்பு அங்கே தொடங்கப்பட்டு, மற்றவர்களோடு சமமாக உட்காரும் இடம் உக்ரைனுக்குக் கிடைத்தது. ஆனால் உச்சி மாநாட்டு உரையை எழுதுவது உறுப்பினர்கள் மட்டுமே. 2024இல் வாஷிங்டன் உரை, உறுப்பினராகும் பாதையில் உக்ரைன் திரும்பவியலாதபடி செல்கிறது என்று ஒரு படி ஏறியது.

2025இல் ஹேக் உரை வெறும் ஐந்து பத்திகள். வில்னியஸ் உரையில் 90 இருந்தன. உக்ரைன் உறுப்பினர் ஆவது பற்றி ஹேக் உரையில் ஒரு சொல்லும் இல்லை. உதவி செய்வது பற்றி இருக்கிறது, அதுவும் ஒவ்வொரு நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்ட கடப்பாடாக. அதாவது, நேட்டோ என்ற அமைப்பு எதற்கும் பொறுப்பேற்கவில்லை. வாஷிங்டனில் சொன்னது இன்னும் நிற்கிறது என்று பொதுச் செயலாளர் மார்க் ரூட்டே வாய்மொழியாகச் சொன்னார். மறுபடி எழுதாத வாக்கியம் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு இந்தத் தொழிலில் எழுதப்பட்ட விதி கிடையாது. ரத்து செய்தோம் என்று யாரும் எழுதவில்லை. அப்படி எழுதவும் 32 பேரும் ஒப்ப வேண்டும். அடுத்து 2026இல் துருக்கியில் கூடுவதாக ஹேக் உரையின் கடைசிப் பத்தி சொல்கிறது. அந்த மாநாட்டு வரைவில் உக்ரைன் பத்தியைத் தொடங்க வேண்டியவரின் மேசையில், புகாரெஸ்ட்டின் ஆகும், வில்னியஸின் ஒப்புக்கொண்டால், வாஷிங்டனின் திரும்பவியலாத என்ற மூன்றும் முன்பு ஒப்புக்கொண்ட மொழியாகக் கிடக்கும். மூன்றுக்கும் நேச நாடுகள் ஒருமனதாகச் சம்மதித்திருக்கின்றன.